தாத்தா கேட்ட புத்தகம்

"நீ சித்தூர்க்காரன், ஊரைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு" என்றார் நம் மலரின் ஆசிரியர். சித்தூரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றிற்று. மாம்பழம் உண்டு, வெல்ல மண்டி உண்டு, அருகிலே காணிப்பாக்கத்துப் பிள்ளையார் உண்டு. இவற்றை அறியாதவர் நம்முள் யார்? இரண்டு நாள் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள்தான் உண்மை புலப்பட்டது. எனக்கு ஊர் என்றால் என் தாத்தாதான். அவரைப் பற்றி எழுதினால், அவர் வாய் ஓயாமல் சொல்லிவந்த இன்னொரு மனிதரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்க முடியாது. எனவே மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். ஊருக்குள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர் அல்லர். ரயிலோடு ஓடும் தபால் வண்டியில் இரவெல்லாம் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். ஆர்.எம்.எஸ். சார்ட்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். 1959இல் சேர்ந்து 1996இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டுகள் அவர் கால் தரையில் நின்றதைவிட ஓடும் வண்டியில் நின்றதே மிகுதி என்று பாட்டி சொல்லுவார்.

ரயில் புறப்பட்டதும் பைகளின் அரக்கு முத்திரையை உடைப்பார்களாம். கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்து விழும். சுவர் முழுவதும் சிறு சிறு அறைகளாகத் தடுத்திருக்கும். கையெழுத்தைப் படித்து, எந்த ஊர், எந்த வழி, எந்த நிலையத்தில் இறக்க வேண்டும் என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்து, உரிய அறையில் எறிய வேண்டும். அடுத்த நிலையம் வருவதற்குள் கட்டி, பையில் இட்டு, மீண்டும் முத்திரை வைக்க வேண்டும். பின்கோடு எண் வந்தது 1972 ஆகஸ்டு 15ஆம் நாள். அதற்கு முன் எல்லாம் மனப்பாடம்தான். "ஊர்ப் பேரை வெச்சு ஜில்லாவைச் சொல்லணும், ஜில்லாவை வெச்சு ரயிலைச் சொல்லணும்" என்பார் தாத்தா. தொண்ணூறுகளில்கூடச் சில கிழவர்கள் உறையின்மேல் "சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லா" என்று எழுதுவார்களாம். சித்தூர் தனி ஜில்லாவாக ஆனது 1911இல். எண்பது ஆண்டு கழிந்த பின்னும் பழைய முகவரியை விடாத மனிதர்களை நினைத்து அவர் சிரிப்பார். "ஆனா ஒண்ணு கண்ணு, அந்தக் கடிதமும் போய்ச் சேர்ந்துடும். சேர்க்கிறதுக்குத்தானே நாங்க இருந்தோம்" என்று முடிப்பார்.

அந்தத் தொழில் அவரைப் பல ஊர்களுக்கும் கொண்டுசென்றது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர் என்று பம்பாய் வழி. மறுபக்கம் விஜயவாடா, வால்ட்டேர் என்று ஹௌரா வழி. போய்ச் சேர்ந்த ஊரில் பகல் முழுதும் ஓய்வு. மற்றவர்கள் சமைத்து உண்டு உறங்குவார்கள். இவர் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவார். கோயில், கடைத்தெரு, நூல்நிலையம், கல்லூரி என்று ஒன்றையும் விடமாட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழி எழுத்தும் படிப்பார். பேசுவது ஏழெட்டு மொழி. கடல் கடந்து போனதில்லை. ஆனால் எங்கள் தெருவில் அவரைப்போல் ஊர் சுற்றியவர் எவரும் இல்லை.

அவ்வளவு சுற்றிவிட்டு வந்தவர், ஓய்வு பெற்றதும் கட்டமஞ்சிக் குளக்கரைக்கு அருகே ஒரு சிறு வீட்டில் அமர்ந்துவிட்டார். அதன் பிறகு அவருக்கு இரண்டே வேலை. மாலையில் கரையில் நடப்பது ஒன்று. பிறர் காரியத்தைத் தன் காரியமாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் பாரம் நிரப்புவார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவார். ஓய்வூதியக் காகிதம் சிக்கிக்கொண்டவர்களை அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். ஓய்வூதியம் வந்த மறுநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று பையன்களாவது உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சைக் கட்டணம், பஸ் பாஸ், புத்தகம் என்று ஆளுக்கொரு தேவை. தமிழ்ப் பையனா தெலுங்குப் பையனா என்று அவர் கேட்டதை நான் பார்த்ததில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் கேட்பார். பழைய பழக்கம்.

அவரைத் தெய்வமாக்கி எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. கொடுப்பவர் வீட்டில் கொடுப்பதன் சுமையைச் சுமப்பவர் வேறொருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது பாட்டி. ஒருமுறை ஒரு பையனுக்கு பாலிடெக்னிக் கட்டணம் கட்டக் கையில் பணம் இல்லை. பாட்டியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கேட்டுக் கொடுத்தாரா, கேளாமல் எடுத்தாரா என்பதில் இருவரும் இறுதிவரை இரு வேறு கதை சொன்னார்கள். சங்கிலி திரும்பி வரவில்லை. அந்தப் பையன் படித்து முடித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறான். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வந்து வணங்கிவிட்டுப் போவான். பாட்டி காபி கொடுப்பார், பேசமாட்டார்.

இனி அந்த இன்னொரு மனிதர்.

மாலை நடையில் நான் உடன் போவதுண்டு. குளக்கரையில் ஓரிடத்தில் தாத்தா நிற்பார். "இந்தக் கட்டமஞ்சியிலதான் கண்ணு, ராமலிங்க ரெட்டி பொறந்தார்" என்பார். அப்பெயரைச் சிறுவயதில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு, கேளாதவனாகவே ஆகிவிட்டேன். பின்னாளில் நானாகப் படித்து அறிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே சொல்லுகிறேன்.

கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி அவர்கள் 1880 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர். சித்தூரில் பள்ளிப் படிப்பு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டப் படிப்பு. அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று 1902இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வரலாறு பயின்றார். அங்கே புகழ்பெற்ற யூனியன் சங்கத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேச்சிலே வல்லவர்களான ஆங்கில இளைஞர்கள் நிறைந்த சங்கத்தில், சித்தூர்க் குளக்கரையிலிருந்து போன ஒருவர் அந்த இடத்தைப் பெற்றார் என்றால் அவர் நாவன்மையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

தாயகம் திரும்பியதும் பரோடாக் கல்லூரியில் துணை முதல்வராக அமர்ந்தார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அரவிந்தர். பின்னர் மைசூர் சென்றார். மகாராஜா கல்லூரியில் பேராசிரியர், முதல்வர், சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்தார். இடையே அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று கல்வி முறைகளை நேரில் கண்டுவந்தார். 1916இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தீண்டாமையால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த குலத்துப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிகளின் கதவைத் திறந்துவிடுவதில் முனைந்து நின்றவர் அவர். எதிர்ப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை.

1921இல் பதவியை விட்டுவிட்டு அரசியலில் புகுந்தார். சென்னைச் சட்டசபையில் நீதிக் கட்சி உறுப்பினராக இருந்து, பிறகு கருத்து வேறுபட்டு, பனகல் அரசர் அமைச்சரவைமீது 1923 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சென்னைச் சட்டசபை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. ஆதரித்தோர் 44 பேர். எதிர்த்தோர் 65 பேர். தோற்றார். ஆனால், ஆட்சியில் இருப்பவரைச் சபை நடுவே நிறுத்திக் கணக்குக் கேட்கலாம் என்னும் வழக்கம் அன்று இம்மாநிலத்தில் தொடங்கிற்று.

1926இல் ஆந்திரப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம். தொண்டர்கள்மீது அரசாங்கம் அவிழ்த்துவிட்ட அடக்குமுறையைக் கண்டு மனம் பொறாமல் பதவியை உதறினார். இந்த இடம் வரும்போது தாத்தாவின் குரல் சற்றே உயரும். "காங்கிரஸ்காரர் இல்லைடா அவர். சிறைக்குப் போன தலைவரும் இல்லை. பெரிய பதவி. தானே நட்ட செடி மாதிரி பல்கலைக்கழகம். அதையே வேணாம்னு வெச்சாரே!" என்பார்.

அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1931 முதல் 1936 வரை அவர் துணைவேந்தர். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, 1911 முதல் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லைப் பிரச்சினை தீர்ந்தபோது 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அவர் சிறுவனாகப் படித்ததோ நம் திருப்பதியில், லூத்தரன் மிஷன் பள்ளியில். கட்டமஞ்சியில் பிறந்தவரும் திருப்பதியில் படித்தவரும் ஒருவர் பின் ஒருவராக, வங்கக் கடலோரத்து வால்ட்டேரில் ஒரே பல்கலைக் கழகத்தை வளர்த்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. அவர்களை ஈன்ற மண்ணில் அன்று பல்கலைக் கழகம் இல்லை. நாம் படிக்கும் இந்த ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகம் 1954இல்தான் தோன்றிற்று. ரெட்டி அவர்கள் 1951 பிப்ரவரி 24ஆம் நாளே மறைந்துவிட்டார். மூன்றே ஆண்டு பொறுத்திருந்தால் பார்த்திருப்பார்.

1936இல் மீண்டும் துணைவேந்தராகி 1949 வரை இருந்தார். இடையிலே உலகப் போர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பல்கலைக் கழகம் குண்டூருக்குக் குடிபெயர்ந்து, போர் ஓய்ந்த பின் திரும்பி வந்தது. அதையும் அவர் கட்டிக் காத்தார். 1948 டிசம்பரில், அவர் பெயரால் அமைந்த தேசியப் பரிசை ஆந்திரப் பல்கலைக் கழகம் அரவிந்தருக்கு வழங்கிற்று. பரோடாவில் தமக்கு முன் நாற்காலியில் இருந்தவருக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் செலுத்திய மரியாதை என்றே அதை நான் எண்ணிக்கொள்கிறேன். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, அரசாங்கத்தின் சர் பட்டமும் பெற்று, எழுபதாம் வயதில் காலமானார். அப்போது தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. சித்தூரில் பள்ளி மாணவர்.

இவ்வளவும் பெரிய செய்திகள். ஆனால் தாத்தாவின் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது இவற்றில் ஒன்றும் அன்று. ஒரு சிறு புத்தகம்.

கிறித்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1899இல், அங்கிருந்த தெலுங்கு மொழிச் சங்கம் நடத்திய போட்டிக்காக ராமலிங்க ரெட்டி ஒரு சிறு காவியம் எழுதினார். 'முசலம்ம மரணம்' என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. பழைய புராணக் கதையை எடுக்காமல், அரச குமாரியைப் பாடாமல், அனந்தபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் வீட்டு மருமகள் ஒருத்தியைக் காவியத் தலைவியாக்கினார். தெலுங்கின் புதுக் கவிதைக்கு வழி திறந்த நூல்களில் ஒன்று என்று இன்று அறிஞர்கள் அதைப் போற்றுகிறார்கள். மாணவர் சங்கப் போட்டிக்கு எழுதியது அது, நண்பர்களே! நம் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கம். நம்மைப் போன்ற ஒரு மாணவர்.

இந்தப் புத்தகத்தைத் தாத்தா இளமையில் வால்ட்டேரில் ஒரு நூல்நிலையத்தில் உட்கார்ந்து படித்தாராம். ரயிலுக்கு நேரமாகிவிட, கடைசிப் பக்கங்களைப் படிக்காமலே எழுந்து வந்துவிட்டாராம். பிறகு ஏனோ கையில் அகப்படவில்லை. நான் இங்கே சேர்ந்த முதல் ஆண்டில், என்னைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்தவர் ஒரு கடையில் அதைக் கண்டு வாங்கிவிட்டார். குழந்தையைப்போல் மகிழ்ந்தார். ஆனால் அதற்குள் கண் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. கண்ணில் நீரழுத்த நோய். காலம் கடந்து கண்டுபிடித்தது. பெரிய எழுத்துத் தலைப்பு தெரியும். உள்ளே ஒரு வரியும் ஓடாது.

"நீ படிச்சுக் காட்டு கண்ணு. நான் பொருள் சொல்றேன்" என்றார்.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. நான் பிறந்தது சித்தூர்; வளர்ந்தது சித்தூர்; தெருவில் பேசியது தெலுங்கு. ஆனால் எனக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. வீட்டிலே தமிழ் கற்றேன். பள்ளியிலே ஆங்கிலம் கற்றேன். தேர்வில் தப்பிக்கும் அளவுக்குத் தெலுங்கை உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்தேன். பஸ் பலகையைப் படிக்க ஆங்கிலம் இருக்கிறது. மற்றதற்கு வாய் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பரீட்சை முடியட்டும் தாத்தா, கத்துக்கிட்டு வந்து படிக்கிறேன்" என்றேன்.

"ஆகட்டும், ஆகட்டும். என்ன அவசரம்?" என்றார். புத்தகத்தை என் பையில் அவரே வைத்தார்.

ஒரு பரீட்சை முடிந்தது. மறு பரீட்சை வந்தது. விடுமுறைக்குச் சித்தூர் போகும்போதெல்லாம் கேட்பார். நானும் ஏதோ ஒன்று சொல்லுவேன். சித்தூருக்கும் திருப்பதிக்கும் எழுபது கிலோமீட்டர்தான். சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டி வண்டி நம் ஊருக்குள் நுழையும்போது, 'இந்த முறை கட்டாயம் கற்றுவிட வேண்டும்' என்று நினைத்துக்கொள்வேன். விடுதி வாசலை மிதித்ததும் அந்த நினைவு போய்விடும். மூன்றாம் ஆண்டில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோது இல்லாத வருத்தம், கேளாமல் விட்டபோது எனக்கு உண்டாயிற்று. அப்போதும் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை அவர் காலமானார். எண்பத்தாறு வயது நிறைந்தவர். பெரிய துன்பம் ஒன்றும் படவில்லை. ஊரே வந்திருந்தது. பாட்டி பேசாத அந்தப் பையன்தான் எல்லாக் காரியத்தையும் ஓடி ஓடிச் செய்தான்.

காரியமெல்லாம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய இரவுதான் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பின்னட்டைக்கு முன்னால் இரண்டு வெற்றுப் பக்கங்கள். அவற்றில் தாத்தாவின் கையெழுத்து. நடுங்கிய, பெரிய எழுத்து. வரிசை வரிசையாகத் தெலுங்கு எழுத்துக்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய தமிழ் எழுத்து. தமிழுக்கு ஒரு ககரம், தெலுங்குக்கு நான்கு. அதனால் க என்று எழுதி 1, 2, 3, 4 என எண் இட்டிருந்தார். அறை அறையாகத் தடுத்துக் கடிதம் போட்டுப் பழகிய கை அல்லவா? பக்கமும் அப்படியே கட்டம் கட்டமாக இருந்தது. எனக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது என்பதை அவர் முதல் நாளே அறிந்திருக்கிறார். புத்தகத்தை என் பையில் வைக்கும்முன்பே, மங்கிய கண்ணோடு எப்படியோ எழுதி வைத்திருக்கிறார். நான் மூன்று ஆண்டுகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அன்று இரவு முதல் கற்கத் தொடங்கினேன். எழுத்துக்குப் பத்து நாள் போதுமாயிருந்தது. பத்து நாள்! மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வேலை பத்து நாளில் முடிந்துவிட்டது. ஆனால் செய்யுள் எளிதில் வசப்படவில்லை. பழைய இலக்கண நடை, யாப்பு வேறு. என் அறை நண்பன் அனந்தபுரத்துக்காரன். அவனிடம் போய் நின்றேன். "இதுவா? அந்தக் கரையில் நான் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன்" என்றான். அவன் ஊருக்கு அருகே உள்ள புக்கராய சமுத்திரத்து ஏரிக்கரையை முசலம்மா கட்டை என்றுதான் மக்கள் அழைக்கிறார்களாம். அவளுக்குக் கோயிலும் அங்கே உண்டாம். விஜயநகரத்துப் புக்கராயர் பெயரைத் தாங்கிய ஏரி அது. சி. பி. பிரவுன் பதிப்பித்த அனந்தபுரத்து வரலாற்று ஏட்டில் இக்கதை வருகிறது. அதைக் கண்டெடுத்துத்தான் ரெட்டி காவியமாக்கினார்.

கதை சிறியது. பெருமழை பெய்து ஏரி உடையும் நிலை. ஊர் கலங்குகிறது. பசிரெட்டி வீட்டு இளைய மருமகள் முசலம்மாவைப் பலி கொடுத்தால் கரை நிற்கும் என்று தெய்வ வாக்குப் பிறக்கிறது. அவள் மாமன் மாமியிடமும், கணவனிடமும், கைக்குழந்தையிடமும் விடைபெற்றுக்கொண்டு, உடைப்பை நோக்கி நடந்து, வெள்ளத்தில் இறங்குகிறாள். ஊர் பிழைக்கிறது.

நானும் நண்பனும் நாளுக்கு ஐந்தாறு செய்யுளாகப் படித்தோம். அவன் பொருள் சொன்னான். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பதிலுக்கு அவன், "உங்கள் எழுத்தைச் சொல்லிக் கொடு" என்றான். தாத்தா எழுதிய அதே பக்கத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, தமிழிலிருந்து தெலுங்குக்குப் போவதற்குப் பதிலாகத் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தான். தாத்தா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

படித்து முடித்ததும் சித்தூர் போனேன். பாட்டியிடம் கதையைச் சொன்னேன். உருக்கமாகவே சொன்னேன் என்று நினைவு. பாட்டி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "கரை உடைஞ்சா மருமகளைத்தான் தேடுவாங்க. மாமனாரை ஏன் தேடலை?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். நூற்று இருபத்தைந்து ஆண்டுகளாகப் புலவர்கள் எழுதிய உரைகளையெல்லாம் நான் படித்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கண்டபிறகுதான் அந்நூலைப் படித்ததாக ஆகும் என்று அப்போது தோன்றிற்று. தியாகம் பெரிது, ஐயமில்லை. ஆனால் தியாகம் செய்யும்படி யாரைக் கேட்கிறோம் என்பதும் ஒரு கேள்விதான். கழுத்திலே சங்கிலி இல்லாமல் பாட்டி கேட்டதால் அது எனக்கு விளங்கிற்று.

சிறிது நேரம் கழித்துப் பாட்டியே பேசினார். "உங்க தாத்தாவும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கார். கடைசியில என்ன ஆச்சுன்னு தெரியலை, ரயிலுக்கு நேரமாயிடுச்சும்பார். நீ முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன் பாட்டி."

"அப்ப சரி" என்றார். பிறகு, வரும் பொங்கலுக்கு அந்தப் பையன் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்றார். ஏன் அதை அப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நண்பர்களே, பிரமுகர்களைப் பற்றி எழுதும் கட்டுரைகள் 'அவர் வழி நடப்போமாக' என்று முடிவது வழக்கம். ராமலிங்க ரெட்டி அவர்களின் வழி கேம்பிரிட்ஜுக்கும் பரோடாவுக்கும் மைசூருக்கும் போகிறது. எல்லாராலும் நடக்க முடியாது. என் தாத்தாவின் வழி நம் எல்லாருக்கும் எட்டும். கையில் வந்த கடிதம் யாருடையதாயினும், எந்த எழுத்தில் எழுதியதாயினும், போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அந்த வழி.

சித்தூர் தமிழருக்கா தெலுங்கருக்கா, திருவேங்கடம் யாருக்கு என்று நம் முன்னோர் வழக்காடிய காலம் ஒன்று இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும். நாம் இங்கே தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறோம், வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் இருப்பவனுடைய எழுத்துப் பத்து நாள் தொலைவில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பத்து நாளை மூன்று ஆண்டாக்கிய ஒருவன் சொல்லுகிறேன்.

இந்த மலருக்கு எழுதத் தயங்குபவர்களுக்கும் ஒரு சொல். சங்க மலர்தானே, யார் படிக்கப் போகிறார்கள் என்று எண்ணாதீர்கள். 1899இல் அந்தப் பத்தொன்பது வயது இளைஞரும் சங்கப் போட்டிதானே என்று எண்ணியிருந்தால், என் தாத்தா வால்ட்டேரில் ரயிலைத் தவறவிடும் அளவுக்கு ஒரு புத்தகத்தில் ஆழ்ந்திருக்க முடியாது. நானும் இதை எழுதியிருக்க முடியாது.

புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. படிக்க விரும்புவோர் வந்து வாங்கிச் செல்லலாம். எழுத்துத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். கடைசி இரண்டு பக்கங்களைப் பாருங்கள்.